அலிஸ்டர் மெக்கென்சி

அலிஸ்டர் மெக்கென்சி (ஆகஸ்ட் 30, 1870 – ஜனவரி 6, 1934) இங்கிலாந்தில் பிறந்த கோல்ஃப் திடல் வடிவமைப்பாளர் ஆவார். கேம்பிரிட்ஜில் பயின்ற இவர், போயர் போரில் மருத்துவராகப் பணியாற்றினார். பின்னர் மருத்துவத்தை விட்டுத் திடல் வடிவமைப்பில் ஈடுபட்டார்.

கடினமான திடலே சிறந்தது என்பதை இவர் ஏற்கவில்லை. வல்லவருக்குச் சவாலையும் புதியவருக்குச் சுற்றுவழியையும் ஒருங்கே தருவதே நல்ல திடல் என்பது இவரது கொள்கை. அமெரிக்காவில் ஜார்ஜ் கிரம்ப் உருவாக்கிய பைன் வேலி தனியார் திடல் கடினத்துக்குப் பெயர்பெற்றது. அதற்கு மாறாக, அந்நாட்டிலேயே பாபி ஜோன்சுடன் இணைந்து மெக்கென்சி வடிவமைத்த அகஸ்டா நேஷனல் தனியார் திடல் அகன்ற புல்வெளிகளையும் குறைந்த மணற்குழிகளையும் கொண்டிருந்தது. எனினும், பந்தைத் தவறான பக்கம் அடித்தவருக்கு அடுத்த அடி கடினமாகும்.

பின்னாளில் மாஸ்டர்ஸ் எனப் பெயர்பெற்ற போட்டி அங்கு மார்ச் 1934 இல் முதன்முறையாகத் தொடங்கும் முன்பே இவர் காலமானார். இவ்விரு திடல்களும் இன்றும் உலகின் சிறந்தவற்றுள் வைத்து எண்ணப்படுகின்றன.