57 வயதில் பிறந்த கலைஞர்

கணவர் வானத்து நட்சத்திரங்களை ஆராய்ந்தார். மனைவியோ தரையில் கிடந்த தகரத்தையும் கட்டையையும் பொறுக்கினார். பொறுக்கிய பொருள்களைக் கொண்டே பெரும் புகழ் அடைந்தார். அவர்தான் ரோஸலி காஸ்காயின் அம்மையார்.

ரோஸலி 1917-ம் ஆண்டு நியூசிலாந்தில் ஆக்லாந்து நகரில் பிறந்தார். பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்று, பள்ளி ஆசிரியை ஆனார். ஓவியப் பள்ளியில் அவர் படித்ததே இல்லை.

1943-ல் பென் காஸ்காயின் என்ற வானநூல் விஞ்ஞானியை மணப்பதற்காகக் கடல் கடந்து ஆஸ்திரேலியா வந்தார். கான்பெராவை அடுத்த ஸ்ட்ராம்லோ மலை மீது வானாராய்ச்சி நிலையம் இருந்தது. குடித்தனமும் அங்கேதான்.

மலை மீது இருந்தவை சில வீடுகளே. பேச்சுத் துணைக்கு ஆள் கிடைப்பது அரிது. கணவருக்கோ இரவெல்லாம் தொலைநோக்கியோடு வேலை! 3 குழந்தைகள் பிறந்தனர். அடுப்படியும் குழந்தைகளுமாகவே 17 ஆண்டுகள் ஓடின.

பிறந்த ஊரில் பச்சைப் பசேல் என்ற புல்வெளி. இங்கோ காய்ந்த புல், வெயில், காற்று! வேறொருத்தியாக இருந்தால் அழுதே நாளைப் போக்கியிருப்பாள். ரோஸலி வெளியே நடந்தார். கல், சுள்ளி, உலர்ந்த புல் என்று கண்ணில் பட்டதை எல்லாம் வீட்டுக்குக் கொண்டு வந்தார். அவற்றை அழகாக அடுக்கினார். மலர் அலங்காரப் போட்டிகளில் பரிசும் பெற்றார்.

பிறகு நார்மன் ஸ்பார்னன் என்பவரிடம் ஜப்பானிய மலர் அலங்காரமான இக்கபானாவைக் கற்றார். கொஞ்சம் பொருளை வைத்து நிறையச் சொல்லும் வித்தை அதில் பிடிபட்டது. ஆனால், பூ வாடிவிடும். இரும்பு வாடாது அல்லவா? பண்ணைகளில் துருப்பிடித்துக் கிடந்த இரும்புச் சாமான்களைச் சேர்த்துச் சிற்பம் செய்யத் தொடங்கினார்.

1974-ல் கான்பெராவில் முதல் தனிக் கண்காட்சி நடந்தது. அப்போது அவருக்கு வயது 57! பேரன் பேத்தி எடுக்கும் வயது. நான்கே ஆண்டுகளில், 1978-ல், மெல்போர்னில் உள்ள விக்டோரியா தேசியக் கலைக்கூடம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. 1982-ல் இத்தாலியின் வெனிஸ் நகரில் நடக்கும் புகழ்பெற்ற கலைவிழாவுக்கு, பீட்டர் பூத் என்ற ஓவியருடன் ஆஸ்திரேலியாவின் சார்பில் அனுப்பப்பட்டார். இந்தப் பெருமையைப் பெற்ற முதல் ஆஸ்திரேலியப் பெண் அவரே.

குளிர்பானப் புட்டிகளை அடுக்கும் மஞ்சள் மரப்பெட்டிகள் மீது அவருக்குத் தனி ஆசை. வெயிலிலும் மழையிலும் கிடந்து நிறம் மங்கிய பெட்டிகளாகப் பார்த்து எடுப்பார். அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக அறுத்துப் பலகையில் வரிசையாக ஒட்டுவார். பெரும்பாலும் வர்ணம் பூச மாட்டார். பெட்டி மீது இருந்த கறுப்பு எழுத்துகள் துண்டு துண்டாகி, படிக்க முடியாத கோடுகளாகிவிடும். 1989-ல் செய்த 'மொனாரோ' அப்படிப்பட்டது. தள்ளி நின்று பார்த்தால் பெட்டி தெரியாது. காற்றில் அலையடிக்கும் காய்ந்த புல்வெளிதான் தெரியும். அந்தப் புல்வெளியைத்தான் 40 ஆண்டுகளுக்கும் மேலாக அவர் பார்த்துக்கொண்டிருந்தார்!

சாலை ஓரத்து எச்சரிக்கைப் பலகைகளையும் அவர் விடவில்லை. தூக்கி எறியப்பட்ட பலகைகளை வெட்டி இணைத்தார். மோட்டார் விளக்குப் பட்டால் மின்னும் பலகைகள் அவை. அதனால் அவருடைய படங்கள் ஒரு பக்கம் நின்றால் மங்கும். மறு பக்கம் நகர்ந்தால் பளிச்சிடும்.

1994-ல் ஆஸ்திரேலிய அரசு அவருக்கு விருது அளித்தது. 1999 அக்டோபரில், 82-வது வயதில், கான்பெராவில் காலமானார். 'மொனாரோ' பெர்த் நகரில் உள்ள மேற்கு ஆஸ்திரேலியக் கலைக்கூடத்துக்குச் சொந்தமாக இருக்கிறது.