வெளித்தெரியாத காந்தம்

காந்தத்தை அருகில் கொண்டுசென்றால் இரும்பு ஈர்க்கப்படுவதைச் சிறு குழந்தையும் அறியும். ஆனால், ஈர்ப்புக்கு அசையாத ஒரு பொருளுக்குள்ளும் எண்ணற்ற அணுக்காந்தங்கள் ஒழுங்காக அணிவகுத்து நிற்கக்கூடும் என்றவர் லூயி நீல். 1904ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லியோன் நகரில் பிறந்த இவர், ஸ்திராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் பியர் வைஸ் என்னும் காந்தவியல் அறிஞரிடம் ஆய்வு மேற்கொண்டார்.

இரும்பில் அணுக்காந்தங்கள் ஒரே திசை நோக்குவதால் அவற்றின் வலிமை ஒன்றுகூடுகிறது என்பது வைஸின் கொள்கை. அண்டை அணுக்கள் எதிரெதிர்த் திசை நோக்கினால் என்னாகும் என்பதை நீல் ஆராய்ந்தார். ஒன்றன் வலிமையை மற்றொன்று ஈடுசெய்துவிடும். உள்ளே முழு ஒழுங்கு இருந்தும் வெளியே காந்தம் புலப்படாது. வெப்பம் ஓர் எல்லையைக் கடந்ததும் அவ்வொழுங்கு குலையும் எனவும் 1930களில் கணித்தார். அவ்வெல்லை இன்று நீல் வெப்பநிலை எனப்படுகிறது.

கணக்கு சரி, சான்று எங்கே? புறத்தே தெரியாத ஒன்றை மெய்ப்பிப்பது எளிதன்று. குவாண்டம் கொள்கை இத்தகைய அணிவகுப்பை ஏற்குமா என்ற ஐயமும் எழுந்தது. இதற்கிடையே போர் மூண்டது. செருமானியரின் காந்தக் கண்ணிவெடிகளிலிருந்து பிரெஞ்சுக் கப்பல்களைக் காக்க, புவிக்காந்தம் கப்பலில் தூண்டும் காந்தத்திற்கு எதிரான நிலைத்த காந்தத்தை அதன் உடலில் ஏற்றும் முறையை நீல் வகுத்தார். எதிரெதிர் ஈடுசெய்தல் என்னும் அதே எண்ணம் இங்கே உயிர்களைக் காத்தது! பின்னர் அவர் கிரெனோபிள் நகரில் குடியேறி ஆய்வைத் தொடர்ந்தார்.

சான்று 1949இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. நியூட்ரானும் ஒரு நுண்காந்தமே. ஆதலால் அணுக்காந்தங்களின் திசையை அது உணரும். ஷல், ஸ்மார்ட் என்னும் இருவர் குளிரூட்டிய மாங்கனீசு ஆக்சைடில் நியூட்ரான்களைச் செலுத்தினர். அறை வெப்பநிலையில் காணப்படாத புதிய முகடுகள் 80 கெல்வினில் தோன்றின. ஓர் அணுத்தளம் ஒரு திசையையும் அடுத்த தளம் எதிர்த்திசையையும் நோக்கும் அடுக்கமைப்பு அதனால் தெளிவாயிற்று.

1970இல் நீல் நோபல் பரிசு பெற்றார். இவ்வகைப் பொருள்களால் நடைமுறைப் பயன் இருப்பதாகத் தெரியவில்லை என்று தம் பரிசுரையிலேயே அவர் ஒளிவின்றிக் கூறினார். பிற்காலத்தில் அவையே கணினி வன்தட்டுகளின் படிக்கும் முனைகளில் இடம்பெற்றன. நீல் 2000ஆம் ஆண்டில் மறைந்தார்.

அவர் கண்ட ஒழுங்கு எல்லா இடத்தும் அமைவதில்லை. அணுக்கள் முக்கோணமாக அமைந்த அடுக்கு ஆக்சைடுகளை எண்ணிப் பார்க்கலாம். இரண்டு அணுக்காந்தங்கள் எதிரெதிரே நின்றுவிட்டால், மூன்றாவது எத்திசை நோக்கினும் இருவருக்கும் ஒருசேர எதிராக நிற்க இயலாது. இதனைக் காந்த முரண்தவிப்பு எனலாம். படிகத்தில் சீர்குலைவும் சேரும்போது, கண்ணாடியில் அணுக்கள் ஒழுங்கின்றி உறைந்திருப்பதைப் போல, அணுக்காந்தங்கள் ஆளுக்கொரு திசையில் உறைந்து நின்றுவிடுவதுண்டு. அத்தகைய பொருளை ஆராய்வோர் இன்றும் முதலில் தேடுவது, அதில் நீல் கண்ட ஒழுங்கு உள்ளதா என்பதையே.