காட்டைக் காத்த வேட்டைக்காரர்

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தவர் தியோடர் ரூஸ்வெல்ட் (1858–1919). வேட்டை என்றால் அவருக்கு உயிர்.

1883-ல் காட்டெருமை வேட்டைக்காக டகோட்டா போனார். லட்சக்கணக்கில் மேய்ந்த எருமைகளைக் காணோம்! பல நாள் அலைந்த பிறகே ஒன்று அகப்பட்டது. சுட்டு வீழ்த்தினார்.

இப்படியே போனால் மிருகமும் இராது, வேட்டையும் இராது என்பது பின்னர் அவருக்குப் புரிந்தது.

1887-ல் நண்பர்களுடன் வேட்டைக்காரர் சங்கம் அமைத்தார். தப்ப வழியில்லாத மிருகத்தைச் சுடக்கூடாது என்பது அதன் கொள்கை.

1901-ல் ஜனாதிபதியானார். மறு ஆண்டு மிசிசிப்பியில், மரத்தில் கட்டிய கரடியைச் சுட மறுத்தார். குழந்தைகள் கொஞ்சும் 'டெடி' கரடி பொம்மை அவர் பெயரைக் கொண்டதே!

1908-ல் மொண்டானாவில் காட்டெருமைகளுக்கென்றே நிலம் ஒதுக்கும் சட்டம் வந்தது. அன்று எருமையைச் சுட்ட கைதான் அதில் கையெழுத்திட்டது.