மணல் குழாயில் பிறந்த விதி

நம்ம சாயில் மெக்கானிக்ஸ் லேபில் ஓர் உருளை நிறைய மணலைப் போட்டு, மேலே தண்ணீரை விட்டு, கீழே ஜாடியில் பிடித்து, ஸ்டாப் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோமே, அந்தப் பெர்மியபிலிட்டி டெஸ்ட் எல்லோருக்கும் தெரியும். ரீடிங் எடுத்தோமா, ரெக்கார்டில் எழுதினோமா, சாரிடம் கையெழுத்து வாங்கினோமா, அதோடு சரி. ஆனால் அந்த உருளைக்குப் பின்னால் ஒரு மனிதரின் முழு வாழ்க்கையும் நிற்கிறது. அவர்தான் ஹென்றி டார்சி. சிவில் பிரிவு மாணவன் என்ற முறையில் அவரைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டதை இந்த மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். உங்கள் வீட்டு போர்வெல்லுக்கும் இதில் பங்கு உண்டு!

தந்தையை இழந்த பையன்

பிரான்ஸ் நாட்டில் டிஜோன் என்ற ஊரில் 1803 ஆம் ஆண்டு ஜூன் 10 ஆம் தேதி பிறந்தவர் டார்சி. பதினான்கு வயதில் தந்தை போய்விட்டார். தாய்தான் பாடுபட்டுப் படிக்க வைத்தார். 1821-ல் பாரிஸில் எக்கோல் பாலிடெக்னிக் என்ற புகழ்பெற்ற கல்லூரியில் சேர்ந்தார். (பெயரில் பாலிடெக்னிக் இருக்கிறது, ஆனால் நம்முடையது மாதிரி டிப்ளமோ கல்லூரி அல்ல அது!) பிறகு பாலங்கள், சாலைகளுக்கான பொறியியல் பள்ளியில் படித்து முடித்து, அரசாங்க எஞ்சினியராகச் சொந்த ஊருக்கே வந்து சேர்ந்தார். 1828-ல் ஹென்றியட் கேரி என்ற ஆங்கிலேயப் பெண்ணை மணந்தார். இவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. ஊரே பிள்ளையாகிப் போனது என்று சொன்னால் மிகையாகாது.

ஊருக்குத் தண்ணீர்

அந்தக் காலத்து டிஜோனில் நல்ல தண்ணீருக்குப் பெரும் பஞ்சம். அழுக்கான ஊற்றுக் கிணறுகளை நம்பித்தான் மக்கள் வாழ்ந்தார்கள். ஊருக்கு நடுவே ஆழமாக ஒரு துளைக் கிணறு தோண்டிப் பார்த்தார்கள். தண்ணீர் மேலேறி வந்தது. ஆனால் ஊருக்குப் போதுமான அளவு வரவில்லை. பணம் போட்டும் பலன் இல்லை. இன்றைக்கு நம்ம ஊர்களில் நடக்கிற கதைதான், இல்லீங்களா?

டார்சி யோசித்தார். 1834-ல் ஓர் அறிக்கை கொடுத்தார். ஊருக்கு வெளியே ரொஸ்வார் என்ற ஊற்று இருக்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 8,000 லிட்டர் தருகிறது. அதை மூடிய கால்வாயில் 12 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுவந்து விடலாம் என்றார். பம்ப் கிடையாது, எஞ்சின் கிடையாது. சரிவை மட்டுமே நம்பிய திட்டம். 1839-ல் வேலை தொடங்கியது. 1840 செப்டம்பரில் தண்ணீர் ஊருக்கு வந்து சேர்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் தெருக்களில் சுமார் 28 கிலோமீட்டர் குழாய் ஓடியது. ஏறத்தாழ நூறு மீட்டருக்கு ஒன்றாகத் தெருக்குழாய்கள். ஏழை பணக்காரன் என்று பார்க்காமல் எல்லோரும் குடத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பிடித்துக்கொண்டார்கள்.

இதற்காக அவருக்குச் சேர வேண்டிய கூலி சுமார் 55,000 பிராங்க். அந்தக் காலத்தில் அது ஒரு பெரும் சொத்து. அதை அவர் வாங்கவே இல்லை! ஊரார் கொடுத்த ஒரு தங்கப் பதக்கத்தையும், வாழ்நாள் முழுக்க வீட்டுக்கு இலவசத் தண்ணீரையும் மட்டும் ஏற்றுக்கொண்டார். இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பாரிஸிலிருந்து லியோன் செல்லும் ரயில் பாதை டிஜோன் வழியாகப் போவதற்கும் உழைத்தவர் இவர்தான். அந்தப் பாதையில் பிளேசி என்ற இடத்தில் மலையைக் குடைந்து சுமார் 4 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் போட்டிருக்கிறார்கள்.

பறிபோன பதவி

நல்லவருக்கும் சோதனை வரும். 1848-ல் பிரான்ஸில் புரட்சி. புதிய ஆட்சியினருக்கு டார்சியின் செல்வாக்கு உறுத்தியது. பதவியைப் பறித்து டிஜோனிலிருந்து அனுப்பிவிட்டார்கள். எந்த ஊருக்குத் தண்ணீர் கொடுத்தாரோ அந்த ஊரில் இருக்க அவருக்கு உரிமை இல்லை! ஆனாலும் திறமையை எத்தனை நாள் மூடி வைக்க முடியும்? விரைவிலேயே பாரிஸ் நகரின் தண்ணீருக்கும் சாலைகளுக்கும் தலைமைப் பொறுப்பு வந்தது. அங்கே குழாய்களில் தண்ணீர் ஓடுவதைப் பரிசோதித்தார். புதுக் குழாயும் துருப்பிடித்த பழைய குழாயும் ஒன்றல்ல, உட்புறச் சொரசொரப்பு ஓட்டத்தைக் குறைக்கிறது என்று அளந்து காட்டினார். ஹைட்ராலிக்ஸ் பேப்பரில் நாம் உருப்போடும் டார்சி - வீஸ்பாக் சூத்திரத்தில் உள்ள டார்சி இவரேதான். பிடோட் டியூபைச் சரியாக வேலை செய்யும்படி திருத்தியவரும் இவரே.

உடல்நிலை கெட்டது. வேலையிலிருந்து விடுபட்டு 1855-ல் டிஜோனுக்குத் திரும்பினார். நோயாளி மனிதர் ஓய்வெடுப்பார் என்றுதானே நினைப்போம்? அவர் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு மணல் குழாய்

அந்த ஆண்டு அக்டோபர், நவம்பரில் டிஜோன் ஆஸ்பத்திரியில் ஓர் இரும்புக் குழாயை நிறுத்தினார். உயரம் 2.5 மீட்டர், விட்டம் 35 சென்டிமீட்டர். சோன் ஆற்று மணலை அதில் நிரப்பினார். ஆஸ்பத்திரிக் குழாய்த் தண்ணீரை மேலிருந்து விட்டார். யாராவது வேறு குழாயைத் திறந்தால் அழுத்தம் ஆடும், ரீடிங்கும் ஆடும். லேபில் நாம் படுகிற அதே அவஸ்தை! சார்ல்ஸ் ரிட்டர் என்ற எஞ்சினியர் உடன் உழைத்தார். 1856 பிப்ரவரியில் மேலும் ஒரு வரிசைச் சோதனைகளைச் செய்தவரும் அவர்தான்.

கிடைத்த முடிவு என்ன? மேலுக்கும் கீழுக்கும் உள்ள நீர்மட்ட வித்தியாசத்தை இரட்டித்தால் வடியும் தண்ணீரும் இரட்டிக்கும். மணலின் நீளத்தை இரட்டித்தால் தண்ணீர் பாதியாகும். குறுக்குப் பரப்பு கூடினால் அதற்கேற்பக் கூடும். மிச்சமிருப்பது மணலின் குணம். அதுதான் பெர்மியபிலிட்டி எண். அட, இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அதுவரை இதை அளந்து நிரூபித்தவர் இல்லை. 1856-ல் டிஜோன் நகரின் பொதுக் குழாய்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூலின் கடைசியில், பின்னிணைப்பாகத்தான் இந்த விதி வெளிவந்தது.

1857-ல் பிரெஞ்சு அறிவியல் அகாடமி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1858 ஜனவரி மாதத் தொடக்கத்தில் பாரிஸில் காலமானார். வயது 54 தான். உடல் டிஜோனுக்குக் கொண்டுவரப்பட்டது. ஊரின் முக்கியமான ஒரு சதுக்கம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கிணற்றுக்கு வரும் தண்ணீர்

அவர் மறைந்தாலும் விதி வளர்ந்தது. பாரிஸில் அவருடைய பதவிக்கு வந்த ஜூல்ஸ் டூப்யி 1863-ல் அந்த விதியைக் கிணற்றுக்குப் பொருத்தினார். நாலா பக்கமிருந்தும் தண்ணீர் கிணற்றை நோக்கி வரும்போது, நெருங்க நெருங்க அது கடக்கும் பரப்பு சுருங்குகிறது. அதனால் சரிவு கூடுகிறது. நீர்மட்டம் புனல் மாதிரி இறங்குகிறது. இந்தக் கணக்கில் மடக்கை, அதாவது லாகரிதம், வருகிறது. விளைவைப் பாருங்கள்: கிணற்றின் பாதிப்பு 300 மீட்டர் தூரம் வரை எட்டுகிறது என்று வையுங்கள். 20 சென்டிமீட்டர் விட்டத் துளையை 40 ஆக்கினால், அதே இறக்கத்துக்குத் தண்ணீர் இரட்டிப்பாகாது. சுமார் 9 சதவீதம்தான் கூடும்!

ஆனால் பூமி ஒரே மணல் இல்லையே, அடுக்கடுக்காக அல்லவா இருக்கிறது? அங்கேயும் டார்சிதான் கை கொடுக்கிறார். 10 மீட்டர் மணல், பெர்மியபிலிட்டி நாளுக்கு 20 மீட்டர். அதன் கீழே 5 மீட்டர் களிமண், நாளுக்கு 0.001 மீட்டர். படுக்கைவாட்டில் ஓடும் தண்ணீருக்குச் சராசரி நாளுக்கு 13.3 மீட்டர், மணல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. செங்குத்தாக இறங்கும் தண்ணீருக்கோ சராசரி வெறும் 0.003 மீட்டர்; இங்கே களிமண் வைத்ததுதான் சட்டம். ஒரே நிலம், திசை மாறினால் நான்காயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம்! இருந்தாலும் பரந்த நிலப்பரப்பில் அந்தக் களிமண் வழியாகவும் தண்ணீர் கசியும். அந்தக் கசிவையும் சேர்த்துக் கிணற்றுக் கணக்குப் போடும் முறையை 1955-ல் ஹன்டுஷ், ஜேகப் என்ற இருவர் தந்தார்கள். 1980களில் அமெரிக்க நிலவியல் துறை உருவாக்கிய மாட்ஃப்ளோ என்ற கம்ப்யூட்டர் புரோகிராம், நிலத்தை அடுக்கடுக்காக, கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையே இதே டார்சி விதியைத்தான் போட்டுக் கணக்கிடுகிறது. நம்ம நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் தண்ணீரை இடைவிடாமல் இறைத்தால்தான் சுரங்கம் பத்திரமாக இருக்கும். எத்தனை கிணறு, எவ்வளவு இறைப்பது என்ற கணக்குக்கும் அடிப்படை இந்த விதிதான்.

நமக்கு என்ன?

நண்பர்களே, படிப்பை முடித்து நம்மில் பலர் சைட்டுக்குப் போகப்போகிறோம். ஒரு விவசாயி நகையை அடகு வைத்துப் போர் போடுவார். இங்கே தண்ணி வருமா தம்பி என்று நம்மைக் கேட்பார். அப்போது தேங்காயை உருட்டிச் சொல்வதும் ஒன்றுதான், அளக்காமல் வாய்க்கு வந்ததைச் சொல்வதும் ஒன்றுதான். எந்த அடுக்கு எந்த ஆழத்தில் வந்தது என்று குறித்து வைப்போம்; இறைத்துப் பார்த்து, நீர்மட்டம் இறங்குவதை மணிக்கணக்கில் அளப்போம்; பிறகு பதில் சொல்வோம். பதவி போனபோதும் உடல் தளர்ந்தபோதும் டார்சி அளப்பதை நிறுத்தவில்லை. அந்த மனிதரின் விதியை மனப்பாடம் செய்தால் மார்க் வரும். அவர் வழியில் நடந்தால் ஒரு குடும்பத்தின் பணம் மண்ணில் போகாமல் தப்பும்.