மண்டையைத் துளைத்த கம்பி

தர்மபுரிப் பக்கம் கிணறு வெட்டுகிறவர்களுக்கு வேட்டு வைப்பது தெரிந்த தொழில். பாறையில் துளை போட்டு, மருந்தைக் கெட்டித்து, திரியைக் கொளுத்துவார்கள். கெட்டிக்கும்போது கவனம் தப்பினால் உயிர் போய்விடும்.

பினியாஸ் கேஜுக்கு உயிர் போகவில்லை. குணம் போய்விட்டது!

1823-ல் அமெரிக்காவில் பிறந்த கேஜ், 25 வயதிலேயே ரெயில் பாதை வேலையில் மேஸ்திரி. நிதானமானவர், கெட்டிக்காரர் என்று பெயர்.

1848 செப்டம்பர் 13. இடம், வெர்மான்ட் மாகாணத்தில் காவெண்டிஷ் ஊர். மாலை நேரம். கேஜ் இரும்புக் கம்பியால் மருந்தைக் கெட்டித்தார். திடீரென்று வெடித்தது!

கம்பி 3 அடி 7 அங்குல நீளம். 13 ராத்தல் எடை. அது இடது கன்னத்தில் புகுந்து, கண்ணுக்குப் பின்னால் சென்று, உச்சி மண்டையைப் பிளந்துகொண்டு பறந்தது.

சில நிமிடங்களில் கேஜ் பேசினார்! மாட்டு வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே விடுதிக்கு வந்தார். டாக்டர் ஹார்லோ பல வாரம் பக்கத்திலிருந்து பிழைக்க வைத்தார். இடது கண் பார்வை மட்டும் போயிற்று.

காயம் ஆறியதும் வேலை கேட்டுப் போனார். முதலாளிகள் சேர்த்துக்கொள்ளவில்லை. ஞாபகம் இருந்தது, பேச்சு இருந்தது, உடம்பில் பலமும் இருந்தது. ஆனால் வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. நினைத்தது உடனே நடக்கவேண்டும். காலையில் போட்ட திட்டம் மாலையில் மாறிவிடும். இவர் பழைய கேஜே அல்ல என்றார்கள் கூட்டாளிகள்.

திமிர் என்று சொல்லிவிடலாமா? நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதிதான் கோபத்துக்கும் ஆசைக்கும் கடிவாளம். கம்பி சிதைத்தது அந்த இடத்தைத்தான். அடிபட்டவனை ஏசி என்ன பயன்?

குழந்தைகளிடமும் குதிரை, நாய்களிடமும் அவருக்குக் கொள்ளைப் பிரியம். கம்பியையும் கூடவே வைத்திருந்தார். குதிரை லாயத்தில் வேலை பார்த்தார். 1852-ல் கடல் கடந்து சிலி நாட்டுக்குப் போய், பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார். பல குதிரைகளை ஒருசேர அடக்கும் வேலை அது. புத்தி கெட்டவன் செய்யக்கூடியதா? நாளடைவில் குணம் ஓரளவு திருந்தியிருக்கவேண்டும் என்று இக்கால ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகிறார்கள்.

1859-ல் உடல் நலிந்து, சான்பிரான்சிஸ்கோவிலிருந்த தாயிடம் வந்து சேர்ந்தார். மறு ஆண்டு வலிப்பு கண்டது. 1860 மே 21-ல் இறந்தார். வயது 36.

சில ஆண்டுகள் கழித்து டாக்டர் ஹார்லோ கடிதம் எழுதி, மகனுடைய மண்டை ஓட்டைக் கேட்டார். பெற்றவள் மனம் என்ன பாடு பட்டிருக்கும்! ஆனாலும் சம்மதித்தாள். மண்டை ஓடும் கம்பியும் டாக்டரிடம் வந்தன. 1868-ல் கேஜின் கதையை அவர் விரிவாக எழுதி வெளியிட்டார். இரண்டையும் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் காட்சிசாலைக்குக் கொடுத்துவிட்டார்.