நான்கு வளையங்களில் ஒன்று

ஆடி காரின் முகப்பில் நான்கு வளையங்களைக் காணும்போதெல்லாம் யோர்கன் ராஸ்முசனே என் நினைவுக்கு வருகிறார். 1878-இல் டென்மார்க்கில் பிறந்து, ஜெர்மனியின் சாக்சனியில் ஆலை நிறுவியவர். அவரது நீராவிக் கார் முயற்சி கைகூடவில்லை; அதன் சுருக்கப் பெயரான டி.கே.டபிள்யூ. மட்டும் நிலைத்தது. 1920-களின் இறுதியில் அந்நிறுவனம் உலகின் மிகப் பெரிய மோட்டார் சைக்கிள் உற்பத்தியாளராக விளங்கியது.

பெருமந்தக் காலத்தில், எளியோர் வாங்கக்கூடிய காரை அவர் விரும்பினார். தமக்குச் சொந்தமான ஆடி ஆலையின் பொறியாளர்களுக்கு அவர் அளித்த அவகாசம் சில வாரங்களே. மோட்டார் சைக்கிள் வழிவந்த இரட்டை சிலிண்டர் எஞ்சினைக் குறுக்காகப் பொருத்தி, முன்சக்கரங்களையே இயக்கச் செய்தனர். பின்சக்கரம் வரை நீளும் சுழல்தண்டு தேவைப்படவில்லை. எடையும் செலவும் குறைந்தன. உடற்பகுதியோ மரச்சட்டத்தின் மேல் போர்த்திய செயற்கைத் தோல்! 1931-இல் பெர்லின் கண்காட்சியில் அறிமுகமான அந்த எஃப்1-இன் வழிவந்த கார்கள் போர்க்காலம் வரை லட்சக்கணக்கில் விற்றன.

ஆனால், அகலக் கால் வைத்த ராஸ்முசனைக் கடன் நெருக்கியது. 1932-இல், சாக்சனி அரசு வங்கியின் ஆதரவில் நான்கு நிறுவனங்கள் ஆட்டோ யூனியனாக இணைந்தன. வளையங்கள் நான்கானது அப்போதுதான். இரண்டே ஆண்டுகளில் அவர் வெளியேற்றப்பட்டார். கடன் கொடுத்தவர்களின் அச்சம் நியாயமானதே. எனினும், கூட்டு நிறுவனத்தின் விற்பனையைத் தாங்கிய காரைத் தந்தவரை வாசலுக்கு வெளியே நிறுத்தியதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் வழக்குத் தொடுத்தார். பல ஆண்டுகளுக்குப் பின் சமரசம் ஏற்பட்டது. போருக்குப் பின் தாயகம் திரும்பியவர், 1964-இல் கோபன்ஹேகனில் காலமானார்.