தில்லையாடி வள்ளியம்மை



நம் நெடுங்காட்டிலிருந்து தில்லையாடி தூரமில்லை, தரங்கம்பாடிக்குப் பக்கம். அந்த ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில், 1898-ல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர் வள்ளியம்மை.

அங்கே நிறத்தைப் பார்த்துத்தான் மனிதருக்கு மதிப்பு. நேட்டாலில் ஒப்பந்தக் கூலியாகப் போனவர்கள் ஒப்பந்தம் முடிந்தும் தங்கினால், ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி. மனைவிக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் தனித்தனியாக! வங்கியில் வேலை பார்த்தவன் அல்லவா, கணக்குப் போட்டேன். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங். மாதக் கூலியோ அதிகபட்சம் 14 ஷில்லிங். அதாவது, ஒருவரின் வரிக்கே நான்கு மாதக் கூலி போதாது. போதாக்குறைக்கு 1913 மார்ச்சில், கிறிஸ்தவ முறையில் நடக்காத திருமணங்கள் செல்லாது என்று ஒரு நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. நம் பெண்கள் கொதித்தெழுந்தார்கள்.

காந்தியடிகளின் சத்தியாகிரகத்தில் சேர்ந்த வள்ளியம்மைக்கு மூன்று மாதக் கடுங்காவல். சிறையில் காய்ச்சல் கண்டும் மனம் தளரவில்லை. எலும்பும் தோலுமாய் வெளியே வந்தவர், 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். வயது 16. அதே ஆண்டில் தலைவரி ஒழிந்தது. நம் திருமணங்களும் சட்டப்படி செல்லுபடியாயின. 1915-ல் காந்தியடிகள் தில்லையாடிக்கே வந்து போனார். நிற வேறுபாடின்றி எல்லோரும் ஓட்டுப் போட, தென்னாப்பிரிக்கா 1994 வரை காத்திருந்தது.

நாமும் நம்மைக் கேட்டுக்கொள்வோம். குடியிருப்பில் பெருக்க வரும் அம்மாவுக்கும் காவலாளிக்கும் தனி டம்ளர் வைத்திருக்கிறோமா? வாடகைக்கு வருபவரிடம் குணத்தை விசாரிக்கிறோமா, சாதியையா? ஒருமுறை பிள்ளைகளைத் தில்லையாடி நினைவு மண்டபத்துக்கு அழைத்துப் போங்கள்.